புரையேறினால் யாரோ நினைக்கிறார்களா? வாய், தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டில் தொடங்கும் போராட்டம்!

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் நம் வீடுகளில் உடனே இரண்டு காரியங்கள் நடக்கும். ஒருவர் உச்சந்தலையில் தட்டுவார். இன்னொருவர், "யாரோ நினைக்கிறாங்க" என்பார். தண்ணீர் டம்ளர் ஒன்று நீளும். இருமல் அடங்கியதும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை போன்ற இடங்களில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து வீடு திரும்பியவருக்குப் புரையேறுவது அவ்வளவு சாதாரணம் இல்லை. உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்பதற்கான எச்சரிக்கை மணி அது. அதைவிடக் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. சிலருக்கு அந்த மணி அடிப்பதே இல்லை. சாப்பாடு தவறான வழியில் இறங்கும், இருமலும் வராது.

இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் உதடு, வாய்ப் புற்றுநோய்க்குத்தான். புகையிலை, பாக்கு, பீடி, சிகரெட், மது என்று காரணங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. சிகிச்சைக்குப் பிறகான சாப்பாட்டு நேரத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்ன நாளோடு எல்லாம் முடிந்துவிட்டதாகக் குடும்பம் நினைக்கிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அது முடிவதில்லை.

ஒரு விநாடிக்குள் இத்தனை வேலையா?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளை மேட்டின் மீது இரண்டு விரல்களை லேசாக வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி இறங்குவது தெரியும்.

அந்த நேரத்தில் உள்ளே நடப்பது ஒரு பெரிய ஏற்பாடு. நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறது. மேலண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல்வளை மேலே ஏற, அதன் மேலிருக்கும் மூடி சாய்கிறது. குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. உணவு தொண்டையைத் தாண்டிப் போவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடி. இதற்காக இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்கின்றன.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான சிகிச்சை இந்த ஏற்பாட்டின் நடுவில்தான் கை வைக்கிறது. வேறு வழியும் இல்லை. நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் தள்ளும் பலம் குறைகிறது. ரேடியேஷனை நம் ஊர் மருத்துவமனை வரிசைகளில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரங்களுக்கு அது நடக்கும். கட்டியோடு சேர்த்துப் பக்கத்தில் இருக்கும் எச்சில் சுரப்பிகளும் தசைகளும் உணர்வு நரம்புகளும் அந்தக் கதிரை வாங்கிக்கொள்கின்றன. வாய்ப்புண் ஆறிவிடும். சுவையும் பலருக்கு மெல்லத் திரும்பும். ஆனால், தசைகள் நார் போல இறுகிப்போவது நிதானமாக, சத்தமில்லாமல் நடக்கும்.

"உடம்பு தேறிட்டீங்களே!"

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். எடை குறைந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தவருக்குத் தாடைக்குக் கீழே சதை வைத்தது போலத் தெரியும். பார்க்க வரும் உறவினர்கள், "பரவாயில்லையே, உடம்பு தேறிட்டீங்களே" என்று சந்தோஷப்படுவார்கள். அவருக்கோ சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாது. கழுத்தைச் சுற்றி யாரோ துண்டைக் கட்டி இறுக்கியது போல இருக்கும். காலையில் எழுந்ததும் அதிகமாகவும், நடமாட நடமாடக் கொஞ்சம் குறைந்தும் இருக்கும்.

இது சதை இல்லை, நிணநீர் வீக்கம். யானைக்கால் நோயைப் பற்றி நமக்குத் தெரியும். அங்கே கொசு மூலம் வரும் புழு நிணநீர்ப் பாதையை அடைக்கிறது. இங்கே கொசுவும் இல்லை, புழுவும் இல்லை; அடைபடுவது மட்டும் அதே பாதைதான். இது யாருக்கும் தொற்றாது.

சளி பிடித்தால் கழுத்தில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. தலை, கழுத்துப் பகுதியில் இவை கொத்துக் கொத்தாக இருக்கின்றன. புற்றுநோய் பரவியிருக்கலாம் என்பதால் ஆபரேஷனில் இவற்றில் பலவற்றை அகற்றுவார்கள். மிச்சம் இருக்கும் மெல்லிய குழாய்களைத் தழும்பும் ரேடியேஷனும் சுருக்கிவிடும். வடிய வேண்டிய நீர் வழியில்லாமல் தாடைக்கு அடியிலும் கன்னத்திலும் தேங்குகிறது. படுத்திருக்கும்போது புவியீர்ப்பு உதவாது என்பதால்தான் காலையில் வீக்கம் கூடுதலாகத் தெரிகிறது.

வெளியே தெரிவது பாதிக் கதைதான். இதே நீர் உள்ளே தொண்டைச் சுவரிலும் குரல்வளை மூடியிலும் தேங்கலாம். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குரல் கனத்துப்போகும், விழுங்குவது சிரமமாகும், எதுவோ அடைத்தது போலவே இருக்கும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகிச்சை முடித்த 81 பேரைப் பரிசோதித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு வகை நிணநீர் வீக்கம் இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உள்வீக்கமும் இருந்தது. அதாவது, வெளியே வீக்கம் தெரியாததால் உள்ளேயும் இல்லை என்று நினைத்துவிட முடியாது.

வீக்கத்தைப் பார்த்ததும் மனதில் எழும் முதல் பயம், நோய் திரும்பிவிட்டதோ என்பது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பதைவிட டாக்டரிடம் போவது நல்லது. அவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார். கழுத்தில் ரேடியேஷன் பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையவும் வாய்ப்பு உண்டு. அதிலும் முகம் உப்பும் என்பதால் ரத்தப் பரிசோதனை ஒன்றும் எழுதிக்கொடுப்பார். வீங்கிய இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் அது கிருமித்தொற்று; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலோ, மூச்சு திணறினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இந்த இடத்தில் செல்போன் நல்ல துணை. வாரம் ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் பத்துப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது தெரியும்.

எண்ணெய் தேய்த்து நீவலாமா?

வீக்கம் என்றாலே நம் கை ஒத்தடத்துக்கும் எண்ணெய்க்கும்தான் போகும். சூடு பறக்க ஒத்தடம் கொடுப்பது, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது, பற்றுப் போடுவது எல்லாம் கால் சுளுக்குக்குச் சரி. ரேடியேஷன் பெற்ற தோலில் உணர்வு மந்தமாக இருக்கலாம். சூடு எவ்வளவு என்று தெரியாமலே வெந்துவிடும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து அந்த இடத்துக்கு இன்னும் நீர் வரும். நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. அழுத்தினால் அவை நசுங்கும், நீர் நகராது.

இதற்கென்று இருக்கும் மசாஜ் வேறு மாதிரியானது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1930-களில் உருவாக்கிய முறை அது. தீராத சளித் தொந்தரவோடு கழுத்தில் நெறி கட்டி வந்தவர்களைக் கவனித்ததில்தான் அவர்களுக்கு இந்த யோசனையே வந்தது. இன்று பிசியோதெரபிஸ்ட்டுகளும் விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட்டுகளும் இதைக் கற்றுத் தருகிறார்கள்.

முதலில் பார்ப்பவர்களுக்கு, 'இதுக்கா இவ்வளவு பேரு?' என்று தோன்றும். அவ்வளவு மென்மை. தோலை மட்டும் லேசாக இழுத்து விடுகிற அழுத்தம்தான். வீங்கிய இடத்திலும் ஆரம்பிப்பதில்லை. வயிறு உப்ப மூச்சை இழுத்து விட்டு, அக்குளையும் காறையெலும்புக்கு மேலுள்ள குழியையும் முதலில் மெல்ல நீவி வழியைத் திறப்பார்கள். அதன் பிறகுதான் கழுத்து, கடைசியில் முகம். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் வாசலில் நிற்கும் தண்ணீரைத் தள்ளி என்ன பயன்? கோடியில் இருக்கும் அடைப்பை அல்லவா முதலில் எடுக்க வேண்டும். கழுத்துப் பாதை மூடிவிட்டால் நீரை அக்குள் பக்கம் திருப்பிவிடுவதும் இதில் ஒரு தந்திரம்.

சிலருக்குத் தாடையைத் தாங்கிப்பிடிக்கும் மெத்தென்ற அழுத்தப் பட்டையும் தருவார்கள். அதைத் துணிக்கடை எலாஸ்டிக்கில் நாமாகத் தைத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. கழுத்துத் தமனியில் அடைப்பு, கிருமித்தொற்று, சிகிச்சை முடியாத கட்டி இருப்பவர்களுக்கு இந்த மசாஜே கூடாது. அதனால் டாக்டர் சரி என்று சொல்லி, தெரபிஸ்ட் கைபிடித்துக் காட்டிய பிறகு வீட்டில் தினமும் செய்யலாம். யூடியூப் பார்த்து ஆரம்பிக்கும் விஷயம் இல்லை. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதை மட்டும் பெரும்பாலானவர்கள் இன்றிரவே தொடங்கலாம்.

ரசம் சாதம் செய்யும் வேலை

உடம்பு சரியில்லாதவருக்கு நம் வீடுகளில் முதலில் வருவது ரசம் சாதம். குழைய வடித்து, நிறைய ரசம் ஊற்றி, 'அப்படியே முழுங்கிடலாம்' என்று தருவார்கள். அன்பில் குறையே இல்லை. ஆனால், சேதப்பட்ட தொண்டைக்கு அதுதான் மிகக் கடினமான பரீட்சை.

காரணம் இதுதான். தட்டில் ஒன்றாக இருந்தாலும் ரசமும் சாதமும் வாயில் இரண்டாகப் பிரிகின்றன. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். அங்கே கதவு இன்னும் மூடியிருக்காது. சாம்பாரில் மிதக்கும் இட்லி, பருக்கையோடு இருக்கும் கஞ்சி, பாலில் ஊறிய பிரெட் என எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். இவற்றுக்குப் பதில் ஒரே பதத்தில் இருப்பது நல்லது. சாதத்தையும் தயிரையும் சேர்த்து நன்றாக மசித்த தயிர் சாதம், நெய்விட்டுக் குழைத்த பொங்கல், பருக்கை தெரியாமல் அரைத்த கஞ்சி, மசித்த பருப்புச் சாதம் போன்றவை பலருக்கு ஒத்துப்போகும். பொங்கலில் மிளகையும் முந்திரியையும் தவிர்த்துவிட வேண்டும்.

வறண்ட உணவுகளின் சங்கடம் வேறு. எச்சில் சுரப்பிகள் வாடிப்போனவருக்கு இட்லியும் சப்பாத்தியும் வாழைப்பழமும் அண்ணத்தில் பசை போல ஒட்டிக்கொள்ளும். களி வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பது ஆரோக்கியமான தொண்டைக்கு. பலவீனமான தொண்டையில் அது உருண்டையாக நின்றுவிடலாம். இட்லியைக் கெட்டித் தயிரிலோ கூட்டிலோ முழுவதுமாகப் பிசைந்து ஒரே பதமாக்கினால் கதை மாறும்.

இதில் பலரும் எதிர்பார்க்காதது தண்ணீர்தான். விழுங்கச் சிரமம் என்றால் தண்ணீர்தான் சுலபம் என்று நினைக்கிறோம். தண்ணீர் வேகமாக ஓடும். தாமதமாக மூடும் தொண்டைக்கு அந்த வேகம் ஆபத்து. "தண்ணியக் குடி, இறங்கிடும்" என்ற வீட்டு மருத்துவம் சிலருக்கு நேராக நுரையீரலுக்கு வழிகாட்டுகிறது. அவர்களுக்குத் திரவத்தைக் கெட்டிப்படுத்திக் குடிக்கச் சொல்வார்கள். எவ்வளவு கெட்டி என்பதற்கு உலகம் முழுக்க ஓர் அளவுமுறை உண்டு. தண்ணீருக்கு 0 என்று தொடங்கி வழக்கமான உணவுக்கு 7 வரை போகும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, 10 விநாடியில் எவ்வளவு வழிகிறது என்று பார்த்தே வீட்டில் பதத்தைக் கணக்கிடலாம். சிரிஞ்சின் நீளம் மாறினால் கணக்கும் மாறும் என்பதால் எந்த சிரிஞ்ச் என்பதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவு சேர்த்துக் கெட்டிப்படுத்திய கஞ்சி எச்சில் பட்டால் நீர்த்துப்போகும். ஒரே ஸ்பூனை வாய்க்கும் பாத்திரத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் பாதிச் சாப்பாட்டிலேயே பதம் கெட்டுவிடும்.

அண்ணாந்து குடிக்காதீர்கள்

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் ஊர் நாகரிகம். தலையைப் பின்னால் சாய்த்து, சொம்பிலிருந்து மடமடவென்று ஊற்றிக்கொள்வது நமக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. விழுங்கும் சிக்கல் இருப்பவருக்கு இது நல்லதல்ல. தலை பின்னால் போகும்போது மூச்சுக்குழாயின் வாசல் விரிகிறது, திரவமும் கட்டுப்பாடில்லாமல் பாய்கிறது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரை உதட்டில் வைத்துச் சின்ன வாயாகக் குடிப்பதே பாதுகாப்பு. தாடையை மார்புப் பக்கம் சற்றுத் தாழ்த்தி விழுங்கச் சொல்லிப் பலருக்குக் கற்றுத் தருவார்கள். நாக்கில் ஆபரேஷன் ஆன சிலருக்குத் தெரபிஸ்ட் வேறு கோணத்தைச் சொல்லவும் கூடும். அவரவர் தொண்டைக்கு என்ன கோணம் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

சாப்பிட்டவுடன் சாய்ந்து படுக்காமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். டி.வி-யை அணைத்துவிடலாம். வாயில் கவளம் இருக்கும்போது அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சுக்குழாயும் திறக்கும். சாப்பிட்டதும் வாயைச் சுத்தம் செய்வது ஏதோ பழக்கத்துக்காகச் சொல்வதில்லை. எச்சில் தவறான வழியில் இறங்கினால் அதோடு வாயில் இருக்கும் கிருமிகளும் நுரையீரலுக்குப் போகும். அழுக்கு வாய், நிமோனியாவுக்கு அழைப்பிதழ்.

டியூப் இருந்தாலும் விழுங்க வேண்டும்

ரேடியேஷனின் நடுவில் வாயெல்லாம் புண்ணாகும் நாட்களில் எச்சிலை விழுங்குவதே நெருப்பை விழுங்குவது போல இருக்கும். அப்போது மூக்கு வழியாகவோ வயிற்றிலோ டியூப் போட்டு உணவு தருவார்கள். உடம்பு தாங்குவதற்கு அது அவசியம். டியூப் வந்துவிட்டதே என்று வாயை மொத்தமாக மூடிவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. கட்டுப் போட்ட கை சில வாரங்களில் எவ்வளவு மெலிந்துபோகிறது! தொண்டைத் தசைக்கும் அதே கதிதான்.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரேடியேஷன் பெற்ற 497 பேரின் விவரங்களைப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. சிகிச்சைக் காலத்திலும் வாய்வழியாகக் கொஞ்சமாவது சாப்பிட்டு, விழுங்கும் பயிற்சியையும் விடாமல் செய்தவர்கள்தான் பின்னாட்களில் வழக்கமான உணவுக்குத் திரும்புவதில் முன்னால் இருந்தார்கள். இரண்டையும் விட்டவர்கள் பின்தங்கினார்கள். எனவே, வாய்வழியாக என்ன தரலாம் என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டு, அனுமதித்த அளவைத் தினமும் தர வேண்டும். எதுவும் கூடாது என்றால் பயிற்சியாவது நடக்க வேண்டும்.

பயிற்சிகள் பார்க்க எளிமையானவைதான். குரல்வளை மேடு மேலே ஏறியதும் அதை அங்கேயே சில விநாடிகள் பிடித்து நிறுத்துவது ஒன்று. நுனி நாக்கைப் பற்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது இன்னொன்று. இதைச் சாப்பாட்டோடு செய்யக் கூடாது. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரல்களைப் பார்ப்பது மற்றொன்று. எது, எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துப் பயிற்சியை வைத்துக்கொண்டால் சுலபம் என்பது இந்தக் கட்டத்தைக் கடந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

தாடை இறுகுவதும் இதோடு சேர்ந்தே வரும். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடிகிறதா என்பது வீட்டுச் சோதனை. திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தாடை இறுக்கம் என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். ஐஸ்க்ரீம் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் பயிற்சி உண்டு. செலவே இல்லாதது. சீக்கிரம் தொடங்கினால் கூடுதல் பலன் தருவது.

யாரைப் பார்க்க வேண்டும்?

'ஸ்பீச் தெரபிஸ்ட்' என்றதும், பேச்சு வராத குழந்தைகளுக்கானவர் என்றுதான் நினைக்கிறோம். விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பதும் அவர்கள் படிப்பில் ஒரு பகுதி. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் ஒரே தசைகள்தானே! புற்றுநோய் மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். "பேச்சு நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது திருப்பி அனுப்பினால், விழுங்கும் பரிசோதனை வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பரிசோதனை இரண்டு வகை. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, நீங்கள் சாப்பிடும்போதே தொண்டையைப் பார்ப்பது இன்னொன்று. சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும் உணவைக் கண்டுபிடிக்க இவைதான் வழி. வீட்டில் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தாலும் அது தெரியாது. சில அறிகுறிகளை மட்டும் கவனிக்கலாம்: சாப்பிட்டதும் குரல் ஈரமாக, களகளவென்று மாறுவது, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, மூக்கு வழியாக உணவு வருவது, மாத்திரை நின்றுவிடுவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆவது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது, எடை இறங்குவது. சாப்பிடும்போது இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் தெரபிஸ்ட்டுக்குப் பாதி வேலை மிச்சம். அவர் சம்மதத்தோடு எடுங்கள். கவளத்தோடு போராடும் முகத்தை யாரும் பார்ப்பதைப் பலர் விரும்புவதில்லை.

பந்திக்கு வராத மாமா

அந்த விருப்பமின்மையைப் பற்றியும் பேச வேண்டும். கல்யாணத்துக்கு வருவார், மொய் எழுதுவார், பந்திக்கு மட்டும் வர மாட்டார். "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார். வாயோரம் வழிவது, இருமினால் இலையில் தெறிப்பது, எல்லோரும் எழுந்த பிறகும் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். மெல்ல மெல்ல வீட்டிலும் தனியாக, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடத் தொடங்குவார். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவார். பசி இல்லாததால் அல்ல, களைப்பால்.

சமைத்தவருக்கும் இது வலிதான். பார்த்துப் பார்த்துச் செய்ததைத் தட்டோடு நகர்த்திவிடும்போது, "எதைச் செஞ்சாலும் வேணாங்கிறாரு" என்ற கோபம் வரும். ரேடியேஷனுக்குப் பிறகு சுவையே மாறிப்போயிருக்கும், காரம் நெருப்பாகத் தெரியும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்குப் புற்றுநோய்க்காக 2006-ல் தாடையில் ஆபரேஷன் நடந்தது. அதன் பின்விளைவுகளால் சாப்பிடுவது, குடிப்பது, பேசுவது மூன்றுமே நின்றுபோயின. 2013-ல் இறக்கும் வரை டியூப் வழியாகத்தான் உணவு. அந்த மனிதர் 2010-ல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார், அதுவும் ரைஸ் குக்கர் சமையல் பற்றி! சாப்பிட முடியாததைப் பற்றி அவர் எழுதியபோது, உணவைவிட அதிகமாக ஏங்குவது கூட்டமாக உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் அந்த மேஜைக்குத்தான் என்று குறிப்பிட்டார். சமையலறையிலிருந்து விலகாத அவரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லலாம்.

வீட்டில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு மட்டும் தனி மெனு என்பதைவிட, அன்றைய சமையலிலேயே தாளிப்பதற்கு முன், காரம் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து மசித்து வைக்கலாம். மூன்று வேளைக்குப் பதில் ஆறு சின்ன வேளை தரலாம். அவர் தட்டை மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்பே வைத்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து எழுந்திருக்கலாம். "இன்னுமா முடியல?" என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பல வருடங்கள் கழித்தும் வரலாம்

ரேடியேஷனின் விளைவுகளில் ஒரு குணம், அவை அவசரப்படுவதில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு 5, 10 ஆண்டுகள் கழித்து நாக்கின் பலம் குறையலாம், புதிதாகப் புரையேறத் தொடங்கலாம். வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாமல், 'எனக்குக் கழுத்தில் ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்கள்' என்ற தகவலோடு டாக்டரைப் பார்க்க வேண்டும். பல் டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

சிகிச்சை இன்னும் தொடங்காத வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தொண்டை நன்றாக வேலை செய்யும்போதே பயிற்சியைக் கற்றுக்கொள்வது, புண்ணோடு கற்றுக்கொள்வதைவிடப் பல மடங்கு சுலபம். ரேடியேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுக்கும் அன்றே, அதற்கு முந்தைய வாரத்தில் விழுங்கும் தெரபிஸ்ட்டைப் பார்க்கவும் ஒரு தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.